கூடைப்பந்து கோச்சுக்கும் பி.எஃப். உண்டு: என் ஒப்பந்தத்தை மாற்றி எழுத வைத்த அனுபவம்

ஒருவழியாகக் கையெழுத்தாகிவிட்டது. கோவையில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் 2006 ஜூனிலிருந்து கூடைப்பந்து கோச்சாக இருக்கிறேன். இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதால் பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் என் ஒப்பந்தத்தை மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். ஜூனில்தான் கைக்கு வந்தது. என்னைப் போல 'கன்சல்டன்ட்' என்ற பெயரில் வருடா வருடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் கோச்சுகள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய ஒப்பந்தம் எப்படி இருந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 1 முதல் ஏப்ரல் 30 வரை, 11 மாதம். மே மாதம் 'பிரேக்', அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் மே மாதம்தான் சம்மர் கேம்ப். காலை ஆறு மணிக்கே கிரவுண்டில் சின்னப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். பள்ளி ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொள்ளும், எனக்கு ஒரு கவரில் ஏதோ வரும். மாதம் 26,000 ரூபாய் என்று எழுதியிருக்கும்; அதில் 10 சதவீதம், அதாவது 2,600 ரூபாய், டி.டி.எஸ். என்று வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி (பணிக்கொடை) இல்லை. டீமை வெளியூர் கூட்டிப் போனால் பேட்டா என்று கொடுப்பது இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கே பற்றாது.

நான் கேட்டது நான்கு விஷயம். என்னைச் சம்பளப் பட்டியலில் சேர்த்து பி.எஃப். பிடிக்க வேண்டும், மே மாதத்துக்கும் சம்பளம் வேண்டும், சம்பளத்தை 40,000 ஆக்க வேண்டும், வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தால் மூன்று மாத நோட்டீஸ் வேண்டும். தாளாளர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "பண்ணிடலாம் மாஸ்டர், ஏ.ஓ.வைப் பாருங்க" என்றார். அந்தக் கட்டம் அவ்வளவு சுலபமாக முடிந்தது.

ஏ.ஓ., அதாவது நிர்வாக அலுவலர் மேடத்தின் மேஜையில்தான் எல்லாம் நின்றது. கடிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "மாஸ்டர், உங்க பேர் ஸ்டாஃப் ரெஜிஸ்டர்லயே இல்லீங்களே. நீங்க ஸ்டாஃபே கிடையாதே."

காலை 5.45-க்கு கேட்டில் பயோமெட்ரிக்கில் விரல் வைத்துவிட்டு உள்ளே போகிறவன் நான். லீவு வேண்டுமென்றால் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்த நேரம் பயிற்சி என்பதைக்கூடப் பள்ளிதான் போட்டுக் கொடுக்கும். என்னிடம் ஆடிய பிள்ளைகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறார்கள். தமிழ்நாடு முழுக்க அந்த ஒதுக்கீட்டில் இருப்பதே 500 இடங்கள்தான். இதையெல்லாம் சொன்னேன், கோப்பைகளைப் பற்றியும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அப்புறம் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். வருமான வரித் துறை 2008-ல் போட்ட அறிவிப்பு. விளையாட்டு கோச்சுகளும் டிரெய்னர்களும் வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் வரும் தொழில்முறையாளர்கள் என்று அதில் இருந்தது. "கவர்ன்மென்ட்டே நீங்க புரொஃபஷனல்னு சொல்லுது" என்றார்.

இதுதான் பெரும்பாலான கோச்சுகளின் வாயை அடைக்கிற இடம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த அறிவிப்பு உண்மையானதுதான். ஆனால் அது வரி பிடிப்பதற்கான அறிவிப்பு. ஒருவர் பள்ளியின் பணியாளரா இல்லையா என்பதை அது தீர்மானிக்காது. யார் நேரத்தை நிர்ணயிக்கிறார்கள், யார் மேற்பார்வை பார்க்கிறார்கள், அந்த வேலை நிறுவனத்தின் அன்றாட வேலையில் ஒரு பகுதியா என்பதை வைத்துத்தான் பி.எஃப். சட்டம் பார்க்கும். கல்வி நிறுவனங்கள் 1982-லிருந்தே அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. என்னிடம் ஆடிய பையன் ஒருவன் இப்போது வக்கீல். அவன்தான் இதைப் பிரித்துப் புரிய வைத்தான். அவன் சொன்ன இன்னொன்று: "சார், கோப்பையைப் பத்திப் பேசாதீங்க. அவங்க உங்களை வேலைக்காரரா எழுதின காகிதம் எது இருக்கோ, அதை மட்டும் கொண்டு போங்க."

அப்படி ஒரு காகிதம் என்னிடம் கட்டுக் கட்டாக இருந்தது. பள்ளி டீமை குறுவட்டப் போட்டிக்கோ மாவட்டப் போட்டிக்கோ கூட்டிப் போனால், டீம் மேனேஜர் யார் என்று தலைமையாசிரியர் கடிதம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே வரி இருக்கும்: "எங்கள் பள்ளியில் பணிபுரியும் கூடைப்பந்துப் பயிற்சியாளர்." கீழே பள்ளி முத்திரை, கையெழுத்து, தேதி. போட்டி நடத்துபவர்கள் பிள்ளைகளின் வயதுச் சான்றில் சந்தேகம் கிளப்பினால் காட்ட வேண்டுமே என்று எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வைத்திருப்பது என் பழக்கம். வருடவாரியாக அடுக்கினேன்.

அதோடு ஒரு வவுச்சரும் கிடைத்தது. 2010-ல் மூன்று பாயிண்ட் கோட்டை சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளியது. ரிங்குக்குக் கீழே சரிவகமாக இருந்த கட்டமும் நீள்சதுரமாக மாறியது. எங்கள் சிமென்ட் கோர்ட்டில் பழைய கோட்டைச் சுரண்டி அழித்துவிட்டு, ரிங்குக்கு நேர் கீழே ஆணி வைத்து, 6.75 மீட்டர் நூல் கட்டி, நுனியில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நான்தான் வளைவு போட்டேன். அந்த பெயின்ட்டுக்கு ஆபீஸ் பணம் கொடுத்த வவுச்சரில் என் பெயருக்கு எதிரே 'உடற்கல்வித் துறை, பணியாளர்' என்று அவர்களே எழுதியிருந்தார்கள்.

காகிதங்களைப் பார்த்ததும் ஏ.ஓ. மேடம் வேறு பக்கம் திரும்பினார். சரி, பணியாளர் என்றே வைத்துக்கொண்டாலும், 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குகிறவரைப் புதிதாக பி.எஃப்.பில் சேர்க்கக் கட்டாயம் இல்லையே என்றார். இதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பார்க்க வேண்டியது இன்றைய சம்பளத்தை அல்ல, வேலையில் சேர்ந்தபோது வாங்கியதை. 2006-ல் என் சம்பளம் 6,000. அன்றைக்கு பி.எஃப். வரம்பு 6,500, அது 15,000 ஆனது 2014 செப்டம்பரில்தான். அதாவது சேர்ந்த அன்றே என்னைச் சேர்த்திருக்க வேண்டும்.

"2006 அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஆர்டரின் ஒரே பிரதியைப் பள்ளியே வைத்துக்கொண்டது, எனக்குத் தரவே இல்லை. பழைய கோப்புகள் வேறு கட்டடத்துக்கு மாறியபோது எங்கோ போய்விட்டதாம். வீட்டில் பீரோவில் என் என்.ஐ.எஸ். கோச்சிங் சான்றிதழோடு பழைய பாஸ்புக் ஒன்று இருந்தது. என் மனைவி ஒரு பாஸ்புக்கையும் தூக்கிப் போட்டதில்லை. 2006 ஜூலை முதல் வாரத்தில் பள்ளிக் கணக்கிலிருந்து 6,000 வரவு. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

இதற்கு நடுவில் ஒரு நாள் வீணானதையும் சொல்ல வேண்டும். கோப்பு டிரஸ்ட் ஆபீஸுக்குப் போய்விட்டது, செயலாளர் நேரில் பார்க்கச் சொல்கிறார் என்று சொல்லி ஈரோட்டுக்கு அனுப்பினார்கள். காலைப் பயிற்சியை முடித்து, குளிக்காமல்கூட பஸ் ஏறினேன். அங்கே போனால் செயலாளர் சென்னையில் இருக்கிறார். கோப்பு பள்ளியை விட்டே கிளம்பவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த கிளார்க், "இன்வர்ட் நம்பர் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். உட்காரச் சொல்லக்கூட இல்லை. டிரஸ்ட் நடத்தும் பள்ளியில் வேலை பார்ப்பவர்கள், கோப்பு போய்விட்டது என்று யார் சொன்னாலும் கோப்பு அங்கே பதிவான அந்த இன்வர்ட் எண்ணை வாங்கி, போனில் கேட்டு உறுதி செய்யாமல் கிளம்பாதீர்கள்.

மே மாதம் வந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதியது இல்லை, கேம்ப் ஆரம்பிக்க வேண்டும். எழுத்தில் ஏதாவது கொடுத்தால்தான் கேம்ப் எடுப்பேன் என்று மெயில் போட்டேன். வாயால் சொல்லவில்லை, மெயில்தான். பெற்றோர் ஏற்கெனவே கட்டணம் கட்டியிருந்தார்கள். அன்று சாயங்காலமே தாளாளரிடமிருந்து பதில் வந்தது: மே மாதச் சம்பளம் உண்டு, புதிய ஒப்பந்தம் தயாராகிறது. உங்களுக்கு எந்த மாதத்தில் பலம் இருக்கிறது என்று பார்த்து அந்த மாதத்தில் கேளுங்கள்.

முதல் வரைவு 20 ரூபாய் முத்திரைத்தாளில் வந்தது. அந்த மே மாதம்தான் தமிழ்நாட்டில் ஒப்பந்தங்களுக்கான முத்திரைக் கட்டணம் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக ஏறியிருந்தது. ஆடிட்டர் திருப்பி அனுப்பிவிட்டார், மறுபடி காத்திருப்பு. அந்தத் தாமதம் எனக்கு நல்லதாகத்தான் முடிந்தது. வரைவை வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படிக்க முடிந்தது.

நான்காம் பக்கத்தில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. வேலையை விட்ட பிறகு இரண்டு வருடத்துக்கு இந்த மாவட்டத்தில் வேறு எந்தப் பள்ளியிலும், கிளப்பிலும் கூடைப்பந்து சொல்லித் தரக் கூடாது. ஐம்பது வயதுக்கு மேல் எனக்குத் தெரிந்த ஒரே தொழிலை, என் ஊரிலேயே செய்யக் கூடாது என்கிற ஷரத்து. இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. வக்கீல் பையன் 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவைக் காட்டினான். வேலையை விட்ட பின் ஒருவரைத் தொழில் செய்ய விடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. செல்லாததுதானே என்று கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், நாளைக்கு அதைக் காட்டி இன்னொரு பள்ளியை மிரட்டுவாங்க" என்றான். அந்த ஷரத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் போட்ட பிறகுதான் மேலே போனேன்.

அதற்குப் பதிலாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: '2006 ஜூன் முதல் தொடர் பணியில் உள்ளவர்.' கிராஜுவிட்டிக்கு அந்த ஒரு வரிதான் உயிர். அப்போதைய சட்டப்படி ஐந்து வருடத் தொடர் பணி இருந்தால், வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்து. என் பழைய 26,000-க்கே கணக்குப் போட்டால் வருடத்துக்கு 15,000 ரூபாய். 18 வருடத்துக்கு 2,70,000. வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் தொடர் பணிதான்; 11 மாத ஒப்பந்தத்தில் அது தாராளமாக வந்துவிடும். ஏ.ஓ. மேடம் அந்த வரிக்கு ஒப்பவே இல்லை. தாளாளர்தான் அந்தக் கடிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போட்டுக் குடுங்க. நம்ம லெட்டர்பேடுதானே இது" என்றார்.

40,000 கேட்டேன், 33,000 கிடைத்தது. பி.எஃப். 15,000 வரம்புக்கு, என் பங்கு 1,800, பள்ளியின் பங்கு 1,800. மே மாதச் சம்பளம் ஒப்பந்தத்திலேயே வந்துவிட்டது. நோட்டீஸ் மூன்று மாதம் கேட்டு இரண்டில் முடிந்தது. பேட்டா கொஞ்சம் ஏறியது. பழைய வருடங்களின் பி.எஃப். பாக்கியைப் பற்றிப் பேச்சையே எடுக்க விடவில்லை. அதற்கு பி.எஃப். அலுவலகத்தில், பாக்கியை நிர்ணயிக்கும் 7ஏ விசாரணை கேட்கலாம் என்றான் வக்கீல் பையன். அந்தக் கடிதக் கட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கையெழுத்தானதும் நின்றுவிடாதீர்கள். ஒரு மாதத்துக்கான பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிர்வாகம் கட்ட வேண்டும். உங்கள் பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.-ஐக் கேட்டு வாங்கி, அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். எனக்கு முதல் மாதப் பணம் ஏறவில்லை. ஆதாரில் இனிஷியல் விரிவாக இருந்தது, ஆபீஸ் வெறும் எழுத்தாகப் போட்டிருந்தது. திருத்திக் கொடுத்த பிறகு இரண்டு மாதமும் சேர்ந்தே ஏறியது.