நம்பர் பிளேட்டில் ஒரு புலி

ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கிற டாஸ்மேனியா தீவுக்கு வந்ததும் பழைய கார் ஒன்று வாங்கினேன். நம்பர் பிளேட்டில் புல்லுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற கோடு போட்ட பிராணியை நாய் என்றுதான் நினைத்தேன். டாஸ்மேனியப் புலியாம். நான் சத்தியமங்கலத்துக்காரன், அசல் புலி உலவும் காட்டோரம் வளர்ந்தவன், என்னிடமேவா! விசாரித்தால் பெயரில் மட்டும்தான் புலி. கங்காரு மாதிரி பை உண்டு, பையின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும், நடு முதுகிலிருந்து வால் அடி வரைக்கும் கறுப்புக் கோடுகள்.

செம்மறி ஆட்டைத் தூக்குகிறது என்று 1888 முதல் 1909 வரை அரசாங்கமே தலைக்கு ஒரு பவுண்டு கொடுத்துக் கொல்ல வைத்திருக்கிறது. கணக்கில் இருப்பதே 2,184. அப்புறம் ஞானம் வந்து 1936 ஜூலையில் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள், 59 நாள்தான், செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் மிருகக்காட்சி சாலையில் கூண்டிலிருந்த கடைசி ஒன்றும் செத்துவிட்டது. அதன் தோலும் எலும்பும் அருங்காட்சியக அலமாரியிலேயே கிடந்தது 2022இல்தான் தெரிய வந்தது!

பக்கத்து வீட்டுப் பெரியவர் (எண்பதை நெருங்குகிறவர், பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம், எனக்கு இன்னும் வாய் வரவில்லை) இது எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். வேலி ஓரம் நின்றால் போதும், 1982 கதைதான். வனவிலங்கு அதிகாரி ஹான்ஸ் நார்டிங் வடமேற்குக் காட்டில் வண்டிக்குள் தூங்கியவர், மழை கொட்டும் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து விளக்கடித்துப் பார்த்தால் ஏழெட்டு கஜ தூரத்தில் அது நிற்கிறது. நிதானமாகப் பன்னிரண்டு கோடுகளை எண்ணியிருக்கிறார். கேமரா எட்டவில்லை. பிறகு நெடுநாள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஆட்டைத் தூக்குற ஊருல ராத்திரி வேலைக்குப் போகாத கண்ணு" என்றார். செத்துத் தொண்ணூறு வருஷம் ஆகப்போகிறது என்றால் காதில் ஏறவில்லை.

போன குளிர்காலத்தில் அதே ராத்திரி வேலை முடிந்து வருகையில், வளைவில் விளக்கு வெளிச்சம் திரும்பியதும் சாலையோரம் ஒரு வெளிறின உடம்பு, அதில் பட்டை பட்டையாகக் கறுப்பு. பிரேக் போட்டதில் சாப்பாட்டு டப்பா கீழே உருண்டு ரசம் சீட்டெல்லாம். மெல்லப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். மரப்படலுக்குப் பின்னால் ஒரு செம்மறி, சட்டங்களின் நிழல் அதன்மேல் விழுந்திருக்கிறது, அது பாட்டுக்கு அசை போடுகிறது.

மறுநாள் பெரியவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. "கோடு எத்தனை?" என்றார்.