வெள்ளைப்படுதலுக்குக் கல்ச்சரா, ஸ்லைடா?

நீர்த்த பால் மாதிரி, சாம்பல் கலந்த வெள்ளை. கூடவே மீன் உளும்பு வாடை. அரிப்பு பெரிதாக இல்லை. மார்த்தாண்டமோ குளச்சலோ, இந்தத் தொந்தரவோடு வரும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் அல்ல, கசிவைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்லைடு.

பிறப்புறுப்பில் இயல்பாக வாழும் நல்ல கிருமியான லாக்டோபேசிலஸ் அமிலம் சுரந்து பி.ஹெச். அளவை 4.5-க்கு மேல் ஏறவிடாது. லாக்டோபேசிலஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா என்ற கிருமியும் காற்றில்லாமல் வளரும் கிருமிகளும் பெருகுவதுதான் பாக்டீரியல் வஜைனோசிஸ். காற்றில்லாக் கிருமிகள் சாதாரணக் கல்ச்சர் தட்டில் முளைக்காது. முளைப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் குடல் கிருமியான ஈ.கோலை. ரிப்போர்ட்டில் அதற்கு நேரே 'எஸ்' (மருந்து கேட்கும்) போட்ட மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டால் வாடை போகாது. மிச்சமிருந்த லாக்டோபேசிலஸும் அழிந்து, பூஞ்சை வந்து அரிப்பும் சேரும். பாவம், அவளுக்கு அது புது நோய் என்றே தோன்றும்.

ஸ்லைடில் ஒரு சொட்டு 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் உளும்பு சட்டென்று மூக்கில் ஏறும். சலைன் (உப்புநீர்) விட்ட ஸ்லைடை மைக்ராஸ்கோப்பின் 40எக்ஸ் லென்ஸில் பாருங்கள்: சில செல்களின் மேல் பொடிமணல் தூவியதுபோல் கிருமி அப்பி, ஓரமே தெரியாது. அவைதான் க்ளூ செல். தெரியும் செல்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அப்படி இருக்க வேண்டும். வாடை, க்ளூ செல், 4.5-ஐத் தாண்டிய பி.ஹெச்., நீர்த்த வெள்ளை, இந்த நான்கில் மூன்று போதும். மாதவிலக்கு ரத்தமும் விந்தும் பி.ஹெச்சை ஏற்றிக் காட்டும். அந்த நாட்களில் சோதிக்க வேண்டாம். ஸ்லைடுக்குக் கிராம் சாயமிட்டு, தெரியும் கிருமி வகைகளை எண்ணிப் போடும் நூஜென்ட் மதிப்பெண் 7 முதல் 10 வரை இருந்தால் உறுதி.

மருந்து, டாக்டர் சீட்டோடு: மெட்ரோனிடசோல் 400 மி.கி., காலையும் இரவும், 7 நாள். வாடை இரண்டு மூன்று நாளில் அடங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள். சவ்வுபோல் ஒட்டிக்கிடக்கும் கிருமி அதற்குள் போயிருக்காது. உள்ளே சோப்பு போட்டுக் கழுவுவதும் தொந்தரவைத் திரும்ப அழைக்கும்.

கல்ச்சருக்கும் வேலை உண்டு. மஞ்சளாகப் போகிறது, எரிகிறது, உட்புறம் சிவந்திருக்கிறது, ஸ்லைடில் சீழ்செல் நிறைய. இது ஈ.கோலை, பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ், என்டெரோகாக்கஸ் போன்றவை செய்கிற வேறு அழற்சி. இவற்றை மெட்ரோனிடசோல் தொடாது. எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் சென்சிட்டிவிட்டி பார்த்தே கொடுக்க வேண்டும். மாத்திரை தொடங்கும் முன்பே ஸ்வாப் (பஞ்சுக்குச்சி) எடுத்து, கிருமியைக் காயாமல் காக்கும் ஏமிஸ் டியூபில் போட்டு நாகர்கோவில் லேபுக்கு அனுப்புங்கள். வெறும் டியூபில் வழியிலேயே காய்ந்துவிடும். லேபில் சென்சிட்டிவிட்டி பார்க்கும் முல்லர்-ஹின்டன் தட்டின் ஊடகம் 4 மி.மீ. கனம் இருக்க வேண்டும். மெலிந்தால் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் பெரிதாகி 'ஆர்' (மருந்து கேட்காது) கூட 'எஸ்' ஆகத் தெரியும். என்டெரோகாக்கஸுக்கு செஃபிக்சிம் 'எஸ்' என்று வந்தால் அந்த ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள்; செஃபிக்சிம் போன்ற வழக்கமான செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் அதை இயல்பிலேயே ஒன்றும் செய்யாது.