தூளியிலிருந்து பாய்க்கு: நாலாம் மாதத் தூக்கக் குறிப்புகள்

2024 ஜூன் 7, வெள்ளி (14 வாரம்)

பாப்பாவுக்கு மூன்றாவது பென்டா ஊசி (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) இன்று. அடுத்த இரண்டு ராத்திரியைத் தூக்கக் கணக்கில் சேர்க்க வேண்டாம். காய்ச்சலும் தொடைவலியும் தூக்கத்தைக் கலைக்கும், பிறகு தானே அடங்கும். பாராசிட்டமால் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சொட்டு மருந்து 1 மில்லியில் 100 மி.கி., சாதாரண சிரப் 5 மில்லியில் 125 மி.கி. அதாவது சொட்டு மருந்து நாலு மடங்கு கெட்டி. நடுராத்திரியில் சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றிவிடுவதுதான் வழக்கமான தப்பு. டாக்டர் சொன்ன மில்லியை அந்தந்த பாட்டில் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுவது நல்லது.

ஜூன் 24, திங்கள்

7.40 தூக்கம். 8.25 முழிப்பு. 9.10 தூக்கம். 10.00 முழிப்பு. 11.45, 12.40, 2.10, 3.05. போன வாரம் வரை ஒரே மூச்சில் நாலரை மணி நேரம் தூங்கிய பாப்பா இது.

பால் பத்தவில்லை, கண் பட்டுவிட்டது, பல் வருகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பட்டியலைப் பார்த்தால் காரணம் தெரிகிறது. தூக்கத்துக்கும் முழிப்புக்கும் நடுவே ஏறக்குறைய 45 முதல் 55 நிமிடம்தான். பிறந்த புதிதில் பிள்ளையின் தூக்கம் இரண்டே வகை: கை கால் அசைந்து முகம் சுளிக்கும் தூக்கம், அசையாத தூக்கம். மூன்று, நாலு மாதத்தில் அது பெரியவர்களின் தூக்கம் போலப் பல படிகளாகப் பிரிகிறது. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் லேசாக முழிப்பு தட்டும். நமக்கும் தட்டுகிறது, புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம். பாப்பாவுக்கு அது இன்னும் கைவரவில்லை. ஆடும் தூளியில் கண் மூடியவள் ஆடாத தூளியில் கண் திறக்கிறாள், ஆட்டச் சொல்லி அழுகிறாள்.

ஆக, இது நோய் இல்லை. குறைமாதப் பிள்ளையானால் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்கு டாக்டர் குறித்த தேதியிலிருந்து மாதத்தை எண்ண வேண்டும்.

ஜூன் 29, சனி

தூளியைப் பற்றிப் பேசாமல் நம் வீட்டுப் பிள்ளையின் தூக்கத்தைப் பேச முடியாது. அழுகை அதில் சட்டென்று அடங்கும் என்பது உண்மை. சேலை வளைந்து குழிவதால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுப் பாதை நெருங்கலாம் என்பதும் உண்மை. மேலே கம்பு கொடுத்து அகலப்படுத்தினாலும் குழிவு முழுக்கப் போவதில்லை. பக்கத்தில் ஒருவர் முழித்திருக்கும்போது மட்டும் தூளி, ராத்திரி முழுக்க வேண்டாம். குப்புற விழ ஆரம்பித்த அன்று அதை அவிழ்த்துவிட வேண்டும். அதற்கு அதிக நாள் இல்லை, எனவே இப்போதே பாய்க்குப் பழக்கம்.

படுக்கை: தரையில் கோரைப்பாய், அதன் மேல் கையால் அழுத்தினால் அமுங்காத மெல்லிய மெத்தை. இலவம்பஞ்சு மெத்தை புதிதாக இருந்தால் உப்பியிருக்கும், ஆகாது. கடுகுத் தலையணை, இரண்டு பக்கமும் வைக்கும் உருளைத் தலையணை, போர்வை, பொம்மை எல்லாம் வெளியே. தலை உருண்டையாக வரும் என்று கடுகுத் தலையணை வாங்குகிறார்கள். பகலில் முழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டினால் பின்தலையில் அழுத்தம் குறையும், கழுத்தும் உறுதியாகும்.

தூளிச் சேலையையே மெத்தையின் மேல் விறைப்பாக இழுத்து, நாலு ஓரத்தையும் அடியில் நன்றாகச் செருக வேண்டும். பழகிய வாசனை, பழகிய துணி. ஒரு முனைகூடத் தளர்ந்து கிடக்கக் கூடாது.

ஜூலை 2, செவ்வாய்

ராத்திரியின் முதல் தூக்கத்தை மட்டும் பாய்க்கு மாற்றினால் போதும். நாள் முழுக்கச் சேர்ந்த அசதி அப்போதுதான் அதிகம். பகல் தூக்கத்தில் தொடங்கினால் இரண்டாம் நாளே கைவிட வேண்டியிருக்கும்.

முதலில் தூளியின் ஸ்பிரிங்கைக் கழற்றியாயிற்று, மேலும் கீழும் குதிப்பது நின்றது. அடுத்து வீச்சைக் குறைப்பது. முழுத் தூக்கம் வரும்வரை ஆட்டாமல், இமை கனத்துப் பார்வை ஓரிடத்தில் நிற்கும்போது நிறுத்த வேண்டும். மூன்று நாள் இப்படி. பிறகு தூளிக்குப் பதில் தோளில் ஆட்டி, அதே நிலையில் பாயில் கிடத்துவது.

கிடத்துவதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. தலையை முதலில் இறக்கினால் பள்ளத்தில் விழுவது போலக் கை இரண்டும் விரிந்து திடுக்கிடும். முதலில் கால், அடுத்து பிட்டம், பிறகு முதுகு, கடைசியில் தலை. நம் உடம்பு பாப்பாவின் உடம்போடு ஒட்டியபடியே குனிய வேண்டும். தலைக்கு அடியிலிருந்து கையை விரல் விரலாக உருவ வேண்டும். இன்னொரு கை நெஞ்சில் கனமாக இரண்டு நிமிடம், பிறகு கனத்தைக் குறைத்து, பிறகு எடுப்பது. மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

45-ஆம் நிமிடத்தில் முனகல். உடனே தூக்கக் கூடாது. கண் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியிருந்தால் அது தூக்கத்திலேயே வரும் சத்தம், தூக்கினால் நாமே எழுப்பிவிட்டதாகும். 2 நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருந்தால் பாதி நேரம் தானே அடங்கும். கண் திறந்து அழுகை ஏறினால் கை, தட்டல், அதற்கும் மசியாவிட்டால் மடி. விட்டு அழவைக்கும் வயது இல்லை இது.

ஜூலை 9, செவ்வாய்

பகலில் பால் குறைந்திருக்கிறது. மிக்ஸி ஓடினால் திரும்புகிறாள், குக்கர் விசில் அடித்தால் காம்பை விட்டுவிடுகிறாள். நாலு மாதத்தில் வேடிக்கை பார்க்கும் ஆசை பசியை விடப் பெரியது. பகலில் விட்டதை ராத்திரி வாங்கிக்கொள்கிறாள். பகல் பாலை ஜன்னல் சாத்திய அறையில், பேச்சு இல்லாமல் கொடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மூன்று முறை பால் குடிப்பது இந்த வயதில் இயல்புதான். அப்போது ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும், கொஞ்சல் கிடையாது.

வயிறு நிறைந்தால் தூங்கும் என்று ராகிக் கூழோ பிஸ்கட் கரைசலோ ஊட்டச் சொல்வார்கள். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதும் என்று பொருள்.

சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடி கண் அயர்வது மிக ஆபத்து. இரண்டு பேர் இருந்தால் ராத்திரி 9 முதல் 2 ஒருவர், 2 முதல் 7 ஒருவர். பீய்ச்சிய பால் 25 டிகிரி அறையில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர்ச் சூட்டுக்கு நேரே ஃப்ரிட்ஜில் வைப்பதே சரி.

ஜூலை 14, ஞாயிறு

குப்புற விழுந்தாயிற்று. தூளி இறங்கியது. கைகளைச் சேர்த்துத் துணி சுற்றுவதும் இன்றோடு நிறுத்தம், குப்புற விழுந்தால் கையை ஊன்ற முடியாது. குடை கொசுவலையும் வேண்டாம், உருண்டு வலையில் முகம் அழுந்தும். மேலிருந்து தொங்கவிட்டு, உருண்டாலும் எட்டாதபடி விலக்கிக் கட்டும் வலை போதும். கொசுவர்த்திப் புகை அந்த அறையில் கூடாது.

புதுவித்தை கற்ற பிள்ளை நடுராத்திரியில் பயிற்சி செய்யும். கவிழ்ந்துவிட்டுத் திரும்பத் தெரியாமல் அழும். பகலில் இரண்டு பக்கமும் புரள நிறையப் பழக்கினால் இந்தக் கட்டம் சீக்கிரம் கடக்கும்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது, காற்றும் வந்தது. 3 மணிக்குக் கதவு படாரென்று சாத்தி எல்லோரும் எழுந்தாயிற்று. கதவிடுக்கில் மடித்த துணி. காற்றுக்கென்று பாப்பாவைப் போர்த்தக் கூடாது, பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும். வியர்த்திருந்தால் ஒரு துணி குறைக்க வேண்டும். கை கால் சில்லென்றிருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது.

ஜூலை 24, புதன்

7.30 தூக்கம். 8.15 முனகல், தானே அடங்கியது. 11.50 பால். 3.20 பால். 5.50 முழிப்பு, சிரிப்பு. 5.50-க்கு விளக்குப் போடாமல் 6.15 வரை இருட்டிலேயே கிடத்திப் பார்க்க வேண்டும், நாளை முதல்.