பிசிறு என்று நினைத்த முடி

ஐப்பசி மழையில் டெங்கு வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. தட்டணுக்கள் இறங்கி, அப்புறம் மெல்ல ஏறி, தீபாவளிப் பட்சணம் எதையும் வாயில் வைக்காமல் வீடு திரும்பினேன். அதோடு போயிற்று என்றுதான் இருந்தேன். பொங்கல் முடிந்து தலைக்குக் குளித்த ஒரு வெள்ளிக்கிழமை, குளியலறையில் தண்ணீர் இறங்காமல் கணுக்கால் வரை நின்றது. சல்லடையைத் தூக்கிப் பார்த்தால் கைப்பிடி அளவு முடி.

அன்றிலிருந்து எங்கு பார்த்தாலும் முடிதான். தலையணையில், தோசை மாவில், மகளின் சீருடையில். முன்பெல்லாம் ரப்பர் பேண்டை இரண்டு சுற்று சுற்றினாலே இறுகிவிடும். பிப்ரவரியில் நான்கு சுற்று ஆனது.

தோல் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "கடைசியா எப்போ பெரிய காய்ச்சல் வந்துச்சு?" என்பதுதான். அக்டோபர் கடைசி என்றேன். விரல் விட்டு எண்ணி, "கணக்கு சரியா இருக்கு" என்றார். தலையில் பத்தில் ஒன்பது முடி எப்போதும் வளர்ந்துகொண்டிருக்குமாம், மிச்சம் ஓய்வில் இருக்கும். பெரிய காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி மாதிரி உடம்பு ஆட்டம் காணும்போது வளரும் முடிகளில் ஒரு பெருங்கூட்டம் சேர்ந்தாற்போல் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அந்த ஓய்வு இரண்டு மூன்று மாதம். அது முடிந்ததும் எல்லாம் ஒன்றாக உதிர்கின்றன. டெலோஜன் எஃப்ளூவியம் என்று சீட்டில் எழுதினார். இது தானாக நிற்கும், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும் என்றார். நான் நம்பவில்லை.

"வேரோட வருது டாக்டர்" என்று காகிதத்தில் மடித்து எடுத்துப் போனதைக் காட்டினேன். நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தது. அது வேரே இல்லையாம். ஓய்வெடுத்து முடித்த முடியின் அடி அப்படித்தான் இருக்கும். முடியை உண்டாக்கும் இடம் தோலுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. குமிழோடு வந்தால் உதிர்ந்தது, குமிழ் இல்லாமல் பாதியில் நின்றால் உடைந்தது. இந்த ஒரு வரி மூன்று மாதம் கழித்து எனக்கு எவ்வளவு உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

ஹீமோகுளோபின், உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றும் பார்க்கச் சொன்னார். மருந்துக்கடையில் நானாக வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும், தைராய்டு முடிவையே அது தப்பாகக் காட்டும் என்றார். தைராய்டு சரியாக இருந்தது. ஃபெரிட்டின் 11, ரொம்பக் குறைவு. இரும்பு மாத்திரை எழுதினார், அதோடு காபி குடிக்கக் கூடாது என்றார். முடி போன துக்கத்தைவிடக் காலைக் காபி தள்ளிப்போன துக்கம் பெரிதாக இருந்தது.

நான் எண்ண ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை கொட்டுவது எல்லோருக்கும் உள்ளதுதான். பிப்ரவரியில் தலைக்குக் குளித்த ஒரு நாள் 280 எண்ணினேன். மறுநாள் 60. ஆஹா, குறைந்துவிட்டது என்று துள்ளினேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி 250. ஒப்பிட்டால் குளித்த நாளைக் குளித்த நாளோடுதான் ஒப்பிட வேண்டும் என்று புரிய ஒரு மாதம் ஆயிற்று. ஏப்ரல் நடுவில் 90க்கு வந்தது. ஆனால் கண்ணாடியில் எதுவும் மாறவில்லை, அதே அகன்ற வகிடு. கொட்டுவது நின்றதும் அடர்த்தி வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் கணக்கு குறைகிறது, தலை அப்புறம்தான் மாறுகிறது.

மே மாதம் நெற்றியோரமும் வகிட்டிலும் குட்டை முடிகள் சிலுப்பிக்கொண்டு நின்றன. எண்ணெய் தடவினாலும் படியவில்லை. பார்லரில் காட்டினால், "எல்லாம் உடைஞ்சிருக்கு மேடம், கெரட்டின் போட்டா படிஞ்சிடும்" என்று ஐயாயிரம் ரூபாய் கணக்கு சொன்னார்கள். கொட்டியது போதாதென்று உடைகிறது வேறா? பணத்தைக் கட்டிவிடத்தான் இருந்தேன். வெள்ளைக் குமிழ் ஞாபகம் வந்து, வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளை நெற்றிக்குப் பின்புலமாகப் பிடித்து மகளைப் பார்க்கச் சொன்னேன்.

"நுனி ஊசி மாதிரி இருக்கும்மா." ஒன்று இரண்டு அல்ல, பார்த்தவை எல்லாமே. உடைந்த முடியென்றால் நுனி மொட்டையாகவோ பிளந்தோ இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் நிற்கும். கத்தரி படாமல் புதிதாக முளைத்த முடிக்குத்தான் நுனி கூராக இருக்கும். அடிப்பக்கம் பழைய முடியின் தடிமனே இருந்தது. மகள் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தாள். பெரும்பாலானவை 3 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தன. முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் இவை கிளம்பியது பிப்ரவரியில். நான் 280 எண்ணி அழுத அதே பிப்ரவரி. அந்த ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மூன்று வெள்ளையாகவும் முளைத்திருந்தன. வயது 39, டெங்குவைக் குறை சொல்ல முடியாது.

என்னைப் பார்த்து என் தம்பியும் தனக்கும் பொடிமுடி வருகிறது என்று உச்சந்தலையைக் காட்டினான். அவனுடையது வேறு மாதிரி இருந்தது. பூனைமுடி போல மெலிந்து, ஒன்று தடியாக ஒன்று மெலிதாக, மாதக்கணக்கில் நீளவே இல்லை. டாக்டரம்மாவிடம் அனுப்பினேன். அது அப்பா வழி வழுக்கை, முடி வரவர மெலிகிறது, காத்திருந்தால் சரியாகாது என்று வேறு வைத்தியம் ஆரம்பித்தார். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தலைத்தோல் எரிந்து செதில் உதிர்ந்தாலோ நானும் உடனே வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை.

மாமியாரைக் கேட்டால் எல்லாம் கரிசலாங்கண்ணி எண்ணெயின் மகிமை. வாரம் இரண்டு முறை சலிக்காமல் தேய்த்துவிட்டவர் அவர். புகழ் எண்ணெய்க்கே போகட்டும்.

இந்தப் பொங்கலுக்கு அந்த நெற்றிமுடியை இழுத்துப் பார்த்தேன், மூக்கு நுனி வரை வந்தது. பின்னல் மேலே தடியாகவும் கீழே எலிவாலாகவும் இருக்கிறது என்று நான்கு அங்குலம் வெட்டிவிட்டேன். முன்பு போல ஒரு முழம் மல்லிகை இன்னும் நிற்கவில்லை, அரை முழம் நிற்கிறது. ரப்பர் பேண்ட் இப்போது மூன்று சுற்று.