தூங்க வேண்டிய இரவு

35-வது வாரம் வரை, பிரசவத்துக்குத் தயாராவது என்றால் பை எடுத்து வைப்பதுதான் என்று நினைத்திருந்தேன். குட்டிச் சட்டைகளைத் துவைத்து மடித்தேன். ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் போட்டேன். வலி வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவே இல்லை. அவ்வளவு பயம்.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பொய்வலி நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும், நிஜ வலி அடங்காது, இடைவெளி குறைந்துகொண்டே வரும் என்றார். 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு வலியும் 1 நிமிடம், இப்படியே 1 மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பி வரச் சொன்னார். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்காகக் காத்திருக்கவே கூடாது, உடனே வந்துவிட வேண்டும். அதை அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி. மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக நீள விட வேண்டும். கணவர் என் அடி முதுகை உள்ளங்கையால் அழுத்திப் பழகினார்.

39-வது வாரம், ராத்திரி 11 மணிக்கு முதல் வலி. 20 நிமிடத்துக்கு ஒன்றுதான் வந்தது. நடந்தால் சீக்கிரம் பிறக்கும் என்று விடிய விடிய வீட்டுக்குள்ளேயே நடந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் கர்ப்பப்பை வாய் 2 சென்டிமீட்டர்தான் திறந்திருந்தது. 10 ஆக வேண்டும். அழுதுவிட்டேன்.

"முதல் பிரசவம்மா, வாய் மெலிந்து திறக்க நேரமாகும். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்கு" என்றார் நர்ஸ். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்தேன். இரண்டு வலிகளுக்கு நடுவே கண் அசந்தது. முதல் பிரசவத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வலி தள்ளித் தள்ளி வரும்போது தூங்குங்கள், ஏதாவது சாப்பிடுங்கள். பலம் பிறகுதான் வேண்டும்.

சாயங்காலம் திரும்பப் போனபோது 5 சென்டிமீட்டர். அப்புறம் வந்த வலியெல்லாம் வேறு. எதிரே இருந்த கடிகாரத்தின் விநாடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் பாதி வட்டம் போகும்போது வலி உச்சத்துக்கு ஏறும், மீதிப் பாதியில் இறங்கும். பாதி வட்டம் வரை தாங்கினால் போதும் என்று புரிந்தபோது தைரியம் வந்தது. பழகிய மூச்சு தானாக வந்தது. நான் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் கணவர் என் தாடையைத் தொட்டு, தளர்த்தச் சொல்லி ஞாபகப்படுத்தினார்.

கடைசியில் தலை தெரிந்ததும், "இப்போ முக்காதே, ஊது, ஊது" என்றார் நர்ஸ். தலை மெதுவாக வந்தால் கிழிசல் குறையுமாம். இரண்டே தையலோடு முடிந்தது.

துடைத்த கையோடு அவளை என் நெஞ்சில் போட்டார்கள். துடிப்பு அடங்கும் வரை தொப்புள்கொடியை வெட்டவில்லை. அத்தனை நேரமும் அவள் ஈரத்தலையோடு, சூடாக, என்மேல் படுத்திருந்தாள்.