லேசரா, பிளேடா: சுன்னா விழாத தகடு வெட்டிய கதை

போன ஜூனில் மாமாவுக்குப் பன்னிரண்டு பிளாஸ்டிக் கிரேட் காணாமல் போனது. திருட்டு இல்லை. பெங்களூரா மாங்காயை நிரப்பிக் கூழ் ஃபேக்டரிக்கு அனுப்பினால், காலி கிரேட் திரும்பி வரும்போது யாருடையது யார் லாரியில் ஏறியது என்று தெரிவதில்லை. எல்லாம் ஒரே நீலம்.

எங்கள் ஊர் நகரி. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனபோது நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அதனால் எங்களுக்கு வீட்டில் தமிழ், மண்டியில் தெலுங்கு. மாமா தெலுங்கு பேசுவார், எழுத வராது. லாரியில் ஏற்றும் பையன்களுக்குத் தமிழ் படிக்க வராது. ஆகவே தோப்பின் பெயரான 'மங்களம்' (பாட்டி பெயரும் அதுதான்) கிரேட் மேல் இரண்டு எழுத்திலும் இருக்க வேண்டும் என்று முடிவானது. கிரேட் முந்நூறுக்கு மேல். "நான் பார்த்துக்கிறேன் மாமா" என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்.

போர்டு எழுதுகிறவர்களின் பழைய வழி எக்ஸ்ரே ஃபிலிம்: எழுத்தை அதில் ஓட்டையாக வெட்டி, அந்தத் தகட்டை (ஸ்டென்சில்) வைத்து மேலே பெயிண்ட் அடிப்பார்கள். பாட்டியின் முழங்கால் எக்ஸ்ரே பீரோ மேல் கிடந்தது. பாட்டி முழங்காலிலேயே பாட்டி பெயரை வெட்ட உட்கார்ந்தேன். தெலுங்கு எழுத்தில் கத்தி ஒரு சுற்றுச் சுற்றி முடித்ததும் நடுவிலிருந்த வில்லை டப்பென்று மடியில் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. தமிழ்ப் புள்ளி வெறும் ஓட்டை, வெட்டினால் வேலை முடிந்தது. தெலுங்குச் சுன்னா (ங், ம் ஒலிக்கு எழுத்தின் பக்கத்தில் போடும் சுழி) வளையம். நடுவே ஒரு தீவு நிற்க வேண்டும், தீவுக்குப் பாலம் வேண்டும். தெலுங்கில் மங்களம் எழுதினால் இரண்டு சுன்னா. தமிழிலும் முழுதாகத் தப்ப முடியாது, ம-வுக்கும் க-வுக்கும் வயிறு உண்டு.

சரி, கம்ப்யூட்டரில் செய்வோம் என்று இங்க்ஸ்கேப் என்ற வரைகிற மென்பொருளில் எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, ஒவ்வொரு தீவுக்கும் 2.5 மி.மீ. அகலத்தில் இரண்டு பாலம் வைத்தேன். எழுத்து உயரம் 4 செ.மீ. இனி வெட்டுவதுதான் பாக்கி.

திருத்தணியில் இருக்கும் என் மச்சானிடம் சின்ன டையோடு லேசர் ஒன்று இருக்கிறது, மரத்தில் பெயர் பொறிப்பதற்கு. தெளிவான ஓ.எச்.பி. பிளாஸ்டிக் ஷீட்டை ப்ளைவுட் மேல் ஒட்டி ஓடவிட்டோம். புகை வந்தது, வாசனை வந்தது, எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. ஷீட்டை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு கீறல் இல்லை. அடியில் ப்ளைவுட்டில் 'மங்களம்' அழகாகக் கருகியிருந்தது. அந்த லேசரின் நீல ஒளி, கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக்கில் நிற்காமல் ஊடுருவிப் போய்விடுகிறது. "நேம் போர்டு ஆச்சே, எடுத்துட்டுப் போ" என்றான் மச்சான். அது இப்போது தோப்பு வாசலில் தொங்குகிறது.

ஒளி ஊடுருவும் ஷீட்டுக்கு கார்பன் டை ஆக்சைடு லேசர்தான் வேண்டும். அதன் அலைநீளம் 10.6 மைக்ரான், நம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் பிளாஸ்டிக் அதற்குச் சுவர் மாதிரி. திருப்பதியில் ஷீல்டு, மெமெண்டோ செய்கிற ஒரு கடையில் அது இருந்தது. நான் கொண்டுபோன வெள்ளை ஷீட்டை (ஃபைல் அட்டைக் கடையில் வாங்கியது) கடைக்காரர் வாங்கவே இல்லை. செம்புக் கம்பியை லைட்டரில் காய்ச்சி, ஷீட்டின் மூலையில் ஒற்றி, மறுபடி தீயில் காட்டினார். தீ பச்சையாக எரிந்தது. "பி.வி.சி. அன்னா. இதை வெச்சா மிஷினும் போகும், நம்ம மூச்சும் போகும்" என்றார். பி.வி.சி.யை லேசரில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் ஆகாது, மிஷினுக்குள் இருக்கும் இரும்பையும் அரித்துவிடும். அன்று கற்ற எல்லாவற்றிலும் எனக்கு இந்தச் செம்புக் கம்பி வித்தைதான் பெரிது.

அதற்குப் பதில் அவர் சொன்னது பெட் (PET) ஷீட், தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக். ஊருக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் கடையில் "பெட் ஷீட் இருக்கா" என்று கேட்டேன். கடைப் பையன் எதிரே இருந்த துணிக்கடையைக் காட்டினான். தறி ஓடுகிற ஊரில் அப்படிக் கேட்டது என் தப்பு.

250 மைக்ரானில் (கால் மி.மீ.) ஒன்று, அரை மி.மீ. தடிமனில் ஒன்று என்று வாங்கிக்கொண்டு மறுபடி திருப்பதி. முதலில் மெல்லியதை வெட்டினோம். தூரத்தில் பார்க்கப் பிரமாதம். விரலால் தடவினால் எழுத்தின் ஓரமெல்லாம் மணிமணியாகத் தடித்திருந்தது. இந்த ஷீட்டை இழுத்து நீட்டித்தான் செய்கிறார்கள். சூடு பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். உருகிய ஓரம் பின்வாங்கித் திரண்டு நின்றுவிடுகிறது. அடிப்பக்கம் அப்படித் திரண்டால் தகடு கிரேட்டில் படியாது, இடுக்கில் பெயிண்ட் ஊறும். பாலங்களும் சூட்டில் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தன. கடைக்காரர் பவரைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, காற்று ஊதலைத் திறந்துவிட்டு இரண்டு ஓட்டமாக வெட்டினார். அடிப்பக்கம் சரியாகிவிட்டது, மேலே மட்டும் மெல்லிய வரப்பு. மேலே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அரை மி.மீ. ஷீட் அந்தத் தொல்லையே இல்லாமல் வந்தது. நிமிடத்துக்குப் பதினைந்து ரூபாய் என்று வாங்கிக்கொண்டார்.

அப்புறம் பிளேடு. புத்தூரில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் பிளாட்டர் என்ற வெட்டு மிஷின் உண்டு. அதில் முனை சாய்வான குட்டிக் கத்தி, ஷீட்டின் மேல் இழுபட்டுப் போகும். ஸ்டிக்கர் வெட்ட 45 டிகிரி கத்தி போதும். தடித்த ஷீட்டுக்கு 60 டிகிரி. கத்தியை மாற்றி, வேகத்தை ஆமை நடைக்குக் குறைத்து, 250 மைக்ரான் ஷீட்டைப் பசைப் பாயில் ஒட்டி ஓட்டினோம். முதல் ஓட்டம் கோடு போட்டது, இரண்டாவது ஆழப்படுத்தியது, மூன்றாவதில் வெட்டுப்பட்டது. ஓரம் என்றால் அதுதான் ஓரம்! மணி இல்லை, வரப்பு இல்லை, வாசனை இல்லை. ஆனால் தமிழ்ப் புள்ளி இங்கே பழி வாங்கியது. இந்தக் கத்தியின் கூர்முனை அச்சுக்கு நேராக இருக்காது, கொஞ்சம் பின்தங்கி இழுபடும். அகலமான வளைவில் சமாளித்துவிடும், 3 மி.மீ. வட்டத்தில் திணறும். புள்ளி முட்டை வடிவத்தில் வந்து, ஓரத்தில் ஒரு மயிரிழை விட்டுப்போனது. கடைசியில் புள்ளியை 5 மி.மீ. ஆக்கினேன். அரை மி.மீ. ஷீட்டையும் ஆசைக்கு ஓட்டிப் பார்த்தோம். ஷீட் அசையாமல் இருந்தது, பாய் நகர்ந்தது, கத்தி முனை ஒடிந்தது. கத்திக்கான காசையும் கொடுத்தேன்.

பிளேடில் வெட்டியதை வைத்து நாற்பது கிரேட் அடித்தபோது சுன்னாவின் ஒரு பாலம் கிழிந்தது. பெயிண்ட் காய்ந்து ஏறிக்கொண்டே போகும், அதைச் சுரண்டும்போது மெல்லிய பாலம் தாங்குவதில்லை. மண்டிப் பையன்கள் கையில் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் போகும். அதனால் கிரேட்டுக்கு லேசரில் வெட்டிய அரை மி.மீ. தகடு என்று நிறுத்திக்கொண்டேன். 2 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டினால் காலத்துக்கும் இருக்குமே என்று மாமா கேட்டார். இருக்கும்தான், ஆனால் அவ்வளவு தடிமனில் ஸ்ப்ரே மூலைக்குள் இறங்காமல் எழுத்து மங்கிப்போகும். அத்தை சுவரில் பூ அச்சடிக்கக் கேட்டதற்குப் பிளேடு தகடுதான் கொடுத்தேன். அவர் அதைப் பட்டுப் புடவை மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்வார், அதுவும் கூர்மையான இதழ் நுனிக்கு லேசரின் உருகல் சரிவராது.

மாமாவின் லாரி டிரைவர் முதல் கிரேட்டைப் பார்த்துவிட்டு, "சுன்னா எங்கே? ரெண்டு பிராக்கெட் இல்ல இருக்கு" என்றார். மேலும் கீழும் பாலம் வைத்ததால் வளையம் இரண்டாகப் பிளந்து அப்படித்தான் தெரிந்தது. பாலத்தைச் சாய்வாகத் திருப்பி, அகலத்தை 2 மி.மீ. ஆக்கி மறுபடி வெட்டியதும் வாசித்துவிட்டார்.

இப்போது வேறு தலைவலி. இரண்டு மழைக்கு கிரேட்டிலிருந்து எழுத்து தோல் மாதிரி உரிந்து வருகிறது. இந்தப் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் லேசில் பிடிக்காது. பத்து கிரேட்டை எமரித் தாளால் தேய்த்து அடித்து, தேய்க்காமல் அடித்த பத்தோடு கொல்லையில் மழையில் போட்டிருக்கிறேன். தேய்த்ததில் ஒன்பது இன்றுவரை நிற்கிறது. பத்தாவதன் மேல் கோழி உட்கார்ந்திருக்கிறது, எழுந்ததும் பார்க்க வேண்டும்.