சிங்கப்பூரில் ஒன்பது மணி, குலசேகரத்தில் ஆறரை

சிங்கப்பூரில் ஒன்பது மணி என்றால் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ஆறரை. கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் அங்கத்திய கணக்கு வேலையை விடாமல் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அதனால் என் நாள் ஆறரைக்குத் தொடங்குகிறது. அதற்குள் எங்கள் ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், பாதிப் பால் வெட்டு முடிந்திருக்கும்.

ஊருக்கு வந்ததும் மன அமைதி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் இங்கே விடியும் முன்பே கோயில் ஒலிபெருக்கி, கூடவே சர்ச் ஒலிபெருக்கி, அப்புறம் ஹாரனில் வைத்த கையை எடுக்காத மினி பஸ். சிங்கப்பூரில் நான் இருந்த ஈஷூனில் பதினோராம் மாடி ஜன்னலைச் சாத்தினால் இதைவிடச் சத்தம் குறைவு. படபடப்பும் என்னோடு விமானம் ஏறி வந்திருந்தது. எஸ்கலேட்டரில் நிற்காமல் வலப்பக்கமாக நடந்தே பழகியவள் நான். இங்கே கடையில் மீதிச் சில்லறைக்கு நிற்கும்போது கால் தானாக ஆடும். "பைய மக்ளே, ஒன்ன யாரு வெரட்டுகா?" என்பார் மாமியார்.

காகித வேலைகள் தனிக் கதை. கல்யாணத்தைப் பதிவு செய்து இரண்டு வருடம் ஆன பிறகுதான் ஓசிஐ அட்டைக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் இந்தியாவில் தங்க உதவும் அட்டைக்கு, விண்ணப்பிக்கலாம். அட்டை வந்தாலும் ஓட்டு கிடையாது. விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. 'எங்கள் விளை' என்று நான் சொல்வதெல்லாம் மருமகள் என்ற முறையில்தான்.

வந்த புதிதில் கணவர் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனார். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானத்தில் அமர்ந்த பாறை, 1970-இல் அங்கே எழும்பிய மண்டபம். படகுக்கு வரிசை, வள்ளுவர் சிலைக்குப் போகும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் செல்ஃபிக்கு நெரிசல். தியான மண்டபத்தின் இருட்டில் நல்ல அமைதி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. என் மனதில் ஓடியது திரும்பும் படகின் நேரம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் உள்ள சிதறால் மலை தேவலை. 9-ஆம் நூற்றாண்டிலேயே சமணர்கள் இருந்த இடம், பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்குவதால் அவசரப்பட வழியில்லை, அவ்வளவுதான்.

என்னை நிதானத்துக்குக் கொண்டுவந்தது ரப்பர்ப் பால். வெயில் ஏற ஏற மரம் இலை வழியாக நீரை இழக்கும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பாலும் குறையும். அதனால் வெட்டுக்கார அண்ணன் இருட்டிலேயே நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். பழைய வெட்டில் உறைந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவார். பிறகு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக ஒரு சீவல். சீவுவது ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர். கத்தி ஆழமாக இறங்கித் தடியைத் தொட்டால் அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வராது, முண்டு கட்டிவிடும். சீவிய கோட்டில் வெள்ளைப் புள்ளிகள் அரும்பும், ஒன்றோடொன்று சேரும், தகரச் சில்லு வழியாகச் சிரட்டையில் (கொட்டாங்கச்சியில்) சொட்டத் தொடங்கும். அதற்கப்புறம் யாருக்கும் அங்கே வேலை இல்லை. இரண்டு மூன்று மணி நேரம் அது பாட்டுக்குச் சொட்ட வேண்டும்.

பால் எடுக்கப் போவது ஒன்பதரைக்கு. சிங்கப்பூரில் அப்போது பகல் பன்னிரண்டு, ஆபீஸில் சாப்பாட்டு நேரம். லேப்டாப்பை மூடிவிட்டு வாளியோடு மாமியார் பின்னால் போவேன். சிரட்டையைச் சாய்க்க வேண்டும், ஓரத்தில் உள்ளதை விரலால் வழிக்க வேண்டும், அடுத்த மரம். முந்திக்கொண்டு போய் லாபமில்லை. நாம் எடுத்த பிறகு சொட்டுவதெல்லாம் சிரட்டையில் உறைந்து ஒட்டுப்பாலாகும், அதற்கு விலை குறைவு. வீட்டுக்கு வந்து வடிகட்டி, தட்டில் ஊற்றி, தண்ணீர் கலந்த ஆசிட்டைச் சேர்த்தால் மறுபடியும் காத்திருப்பு. மறுநாள்தான் ரோலரில் கொடுத்து ஷீட் அடிக்கலாம்.

மூச்சை இழுத்துவிடச் சொல்லி மணியடிக்கும் செயலி ஒன்று என் போனில் இருந்தது. ஒன்பதரைக்கு விளையில் நின்றாக வேண்டும் என்று ஆன பிறகு அது தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் மட்டும் வாளியைத் தொட நேரமிருக்காது. அப்போது பழையபடி கால் ஆடும்.

ஆனால் இந்த நிதானம் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, பால் சிரட்டைக்குப் போகாமல் மரத்தில் பரவி வழிந்துவிடும். பிப்ரவரி வாக்கில் இலை உதிர்ந்து தளிர்க்கும்போது மரத்துக்கே ஓய்வு. மழை கொட்டும் காலையில் நான் திண்ணையில் கட்டன் சாயாவோடு உட்கார்ந்து என்ன சுகம் என்று நினைப்பேன். வெட்டுக்கார அண்ணனுக்கு வெட்டினால்தான் கூலி. மழை நீண்டால் பலசரக்குக் கடையில் அவர் பற்று ஏறும்.

வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டினால் மழைக்காலத்திலும் ஓரளவு வெட்டலாம். போன வருடம் செலவைப் பார்த்து மாமனார் தள்ளிப்போட்டார். இந்த வருடம் ஜூனுக்கு முன்பே கட்டிவிடலாம், பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும் நான் தருகிறேன் என்றேன். சரி என்றுவிட்டார். "அப்போ மழையில ஒக்காந்து சாயா குடிக்க முடியாதே மக்ளே, கொடையப் பிடிச்சிட்டு வாளி தூக்கணும்லா" என்று மாமியார்தான் சிரிக்கிறார்.